இருவருக்கும் சேர்த்துத் தூங்கியவன்

நாற்காலிப் பட்டறை வைத்திருந்த அண்ணன் தம்பி இருவருக்கும் சேர்த்துத் தம்பிதான் தூங்கினான். முதலில் அவர்கள் வேலையை மட்டும்தான் பிரித்தார்கள். அண்ணன் கால் செதுக்கினான், தம்பி முதுகுப்பலகை இழைத்தான். ஆளுக்கொரு நாற்காலியை முழுசாகச் செய்த காலத்தைவிட இரட்டிப்பாக விற்றது. ருசி கண்ட பூனையான அண்ணன், தம்பி படுத்ததும் கட்டையாகத் தூங்குவதையும் தான் விடிய விடியப் புரள்வதையும் யோசித்துப் பார்த்து, "யாருக்கு எது நல்லா வருதோ அவன் அதைச் செய்யட்டும்டா" என்றான். அன்றே தம்பி பட்டறையின் பின்னறையில் பாயை விரித்தான். அண்ணன் அதன்பின் ஒருநாளும் உளியைக் கீழே வைக்கவில்லை. 'தூங்குமூஞ்சி கம்பெனி' என்று பெயர் வைத்ததோடு தெருக்காரர்கள் அதை மறந்துவிட்டார்கள்.

ஞாயிறு மத்தியானம் மட்டும் தம்பி சாப்பிட எழுவான். வாசலில் நாற்காலிகளுக்கு வார்னிஷ் அடிக்கும் பெண், "என்ன தூங்குமூஞ்சி, உனக்கு விடிஞ்சிடுச்சா?" என்பாள். அவளைப் பார்த்துக்கொண்டிருப்பதற்காகவே அவன் மெதுவாகச் சாப்பிடுவான். அண்ணனிடம் மனசைச் சொன்னான். பெண் கேட்பது விழித்திருக்கிறவன் வேலை என்றுதான் இருவருக்குமே பட்டது. "நீ போய்ப் படு, நான் பேசி முடிக்கிறேன்" என்றான் அண்ணன்.

அந்த நிம்மதியில் தம்பி பல மாதங்கள் எழவேயில்லை. கனவில் அவள் அவன் கையைப் பிடித்து நடந்தாள், ஜன்னலுக்குத் திரைச்சீலை தைத்தாள், பிள்ளைக்கு என்ன பெயர் என்று சண்டை போட்டாள். தூக்கத்திலேயே சிரித்தான். தூங்குகிறவனுக்கு இருவர் கனவும் வரும் என்பது அவன் புத்திக்கு எட்டவில்லை.

எழுந்தபோது அவள்தான் தட்டை வைத்தாள். "எழுந்திட்டீங்களா தம்பி? சாப்பிடுங்க."

அந்த ஒரு 'தம்பி'யிலேயே அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஜன்னலில் அதே திரைச்சீலை தொங்கியது. அண்ணன் உளியிலிருந்து தலைதூக்காமல், உனக்காகத்தான் பேசப் போனேன், பேசப் பேச இப்படி ஆகிவிட்டது என்றான். அவளுக்கு விஷயமே தெரியாது. உங்கள் அண்ணன் முகத்தில் களைப்பே இல்லாத ஒரு தெளிவு, அதில்தான் விழுந்துவிட்டேன் என்று வெகுளியாகச் சொன்னாள். அந்தத் தெளிவு யார் தூங்கிச் சம்பாதித்தது என்று அவன் சொல்லவில்லை.

அன்றிலிருந்து தூங்க மறுத்தான். அண்ணன் நின்றபடியே சரிந்தான். உளி அவன் கட்டைவிரலைப் பதம் பார்த்தது. சரி, நானே செய்கிறேன் என்று தம்பி இழைப்புளியை எடுத்தான். கை எல்லாவற்றையும் மறந்திருந்தது. பலகை பலகையாகக் கோணிப் போயிற்று. வேறு பட்டறைகளில் வேலை கேட்டான். என்ன தெரியும் என்று கேட்டார்கள். அவனுக்குத் தூங்கத் தெரியும். திரும்பி வந்தபோது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். "பிள்ளை வரப்போகுது தம்பி. வீட்டுல அடுப்பு எரியணும்" என்றாள். அவன் பாயை விரித்தான்.

பிறந்த குழந்தை கண்ணையே மூடவில்லை. பார்க்க வந்த டாக்டர் நாடி பிடித்தார், வீட்டு நிலவரம் கேட்டார், அதற்குத்தான் ஆள் இருக்கிறாரே என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார். அவள் பின்னறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, மூன்று பேருக்குமாகத் தூங்கினான்.