‘வாஸ்’ முன்னால் வர வேண்டும்

...அவ்வளவுதானே, ‘வாஸ்’ஸைத் தூக்கி முன்னால் போட வேண்டும், பேரைப் பின்னால் தள்ள வேண்டும், கடைசியில் குரலைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும், ‘பாண்டிச்செல்வி வாஸ் கேர்லெஸ்’ என்று கம்பெனிக்காரர்கள் இங்கிலீஷில் எழுதியதை ‘வாஸ் பாண்டிச்செல்வி கேர்லெஸ்?’ என்று திருப்பிக் கேட்க வேண்டும், இதற்குப் போய் எனக்கு ஏன் இத்தனை ஒத்திகை? வெள்ளைக்காரர் இன்னும் ஆறு மெஷின் தள்ளித்தான் நிற்கிறார், கம்பெனிக்கு ஆர்டர் கொடுக்கிறவர், வருஷத்துக்கு ஒரு தடவை வந்து லைனைப் பார்த்துவிட்டுப் போகிறவர். பக்கத்தில் சூப்பர்வைசர் தணிகாசலம் பல்லைக் காட்டிக்கொண்டு... அந்த ஆளுக்கு இத்தனை பல் இருப்பதே இன்றைக்குத்தான் தெரிகிறது. எங்களுக்கு மூன்று வாக்கியம் மனப்பாடம் கொடுத்திருக்கிறார், மெஷின் இஸ் சேஃப், ஐ யாம் ஹேப்பி, நோ ப்ராப்ளம் சார், இதற்கு மேல் ஒரு எழுத்து பேசக் கூடாது. காலையில் கேட்டிலேயே மடக்கி, “இன்னாம்மே முத்துச்செல்வி, பாடம் கரீட்டா கீதா? சொல்லிக்குடுத்தத மட்டும் சொல்லு, நீயா எதுனா கேட்டுகினு நிக்காத” என்றார். ஏன், கேட்டால் வாய் வெந்துவிடுமா? சனிக்கிழமை தோறும் கேண்டீனில் இங்கிலீஷ் கிளாஸ் வைத்தது நானா? வெள்ளைக்காரர் முன்னால் கிளிப்பிள்ளை மாதிரி நாலு வார்த்தை பேசுவோம் என்று நீங்கள்தானே கிரேசி மிஸ்ஸைக் கூட்டி வந்தீர்கள்? அவர் நல்ல மனுஷி, சொல்வதை மட்டும் அல்ல, கேட்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்துவிட்டார், அனுபவியுங்கள்.

இன்னும் ஐந்து மெஷின். எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்கள் இன்றைக்கு, தரை பளபளக்கிறது, ஒரு மெஷினிலும் டேப் இல்லை. வயர் முனையில் தகரக் கொக்கியை வைத்து அழுத்துகிற மெஷின் இது, மூடியைத் திறந்தால் தானாக நின்றுவிடும், மூடினால்தான் ஓடும். ஒவ்வொரு வயருக்கும் மூடித் திறந்துகொண்டிருந்தால் ஷிஃப்டுக்கு இரண்டாயிரம் எங்கிருந்து வரும்? அதனால் மூடிக்கு அடியில் இருக்கிற சின்ன சுவிட்சைக் கறுப்பு டேப் போட்டு அமுக்கிவிடுவோம், மூடி பாட்டுக்குத் திறந்து கிடக்கும், மெஷின் பாட்டுக்கு ஓடும். டேப் வாங்கித் தருகிறவரே தணிகாசலம்தான், இப்போது ஒன்றும் தெரியாத பச்சைக் குழந்தை மாதிரி நிற்கிறார். எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம், ஒட்டினவள் எவளோ அவளே ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஹாரன் அடிப்பதற்குள் பிய்த்துவிட வேண்டும். ஏனென்றால் அடுத்த ஷிஃப்டுக்கு வருகிறவள் மூடி திறந்திருப்பதைப் பார்த்தால் மெஷின் நின்றிருக்கிறது என்றுதான் நம்புவாள். பாண்டிச்செல்வி நம்பினாள். உள்ளே சிக்கியிருந்த வயர் துண்டை எடுக்கக் கையை விட்டாள், கால் பெடலில் பட்டது... இரண்டு விரல். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து ஐந்தே மாதம், என் ரூமில்தான் இருக்கிறாள். மறுநாளே இங்கிலீஷில் ஒரு பேப்பர் வந்தது, அவளுடைய அஜாக்கிரதைதான் காரணம் என்று. நேரில் பார்க்காமலேயே சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவள் நான். புரியாமல் போட்டேன் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை, கிரேசி மிஸ் புண்ணியத்தில் எல்லாம் புரிந்தது. அந்தப் பேப்பரைக் காட்டித்தான் வெள்ளிக்கிழமையோடு அவளை நிறுத்தப் போகிறார்கள், நஷ்டஈடும் கிடையாதாம். வெள்ளைக்காரர் ஒரு வார்த்தை கேட்டால் அதைத் திரும்பவும் விசாரித்துத்தான் ஆக வேண்டும் என்று கிரேசி மிஸ் காதோடு சொன்னார். கேட்க வைக்கிறேன் பார்.

மூன்று மெஷின். இன்று காலையில் சுங்குவார்சத்திரம் ரூமில் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன், கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி சொல்கிறாள், “டேப்ப எடுத்துட்டியாக்கான்னு ஒங்கிட்ட ஒரு வார்த்த கேட்ருக்கணும்லா... நாந்தான் கேக்காம விட்டுட்டேன்.” சடையை வெடுக்கென்று இழுத்தேன், ஆ என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள்? திட்டித் தொலைத்திருக்கலாமே, பாவி, என் கையை இப்படி ஆக்கிவிட்டாயே என்று கத்தியிருக்கலாமே, நானும் இரண்டு வார்த்தை பதிலுக்குக் கத்தியிருப்பேன். அன்றைக்கு டிரைவர் நாகப்பன் இரண்டு நிமிஷம் முன்னாலேயே ஹாரன் அடித்தார், அது யார் தப்பு? ஓடினேன். எதற்கு ஓடினேன்... ஜன்னல் சீட்டுக்கு. பஸ் மண்ணூர் தாண்டும்போது காற்று சில்லென்று வந்தது, கண்ணை மூடிக்கொண்டேன், டேப் ஞாபகமே வரவில்லை.

வந்துவிட்டார். ஹலோ என்கிறார், ஏதோ கேட்கிறார், தணிகாசலம் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார், மெஷின் இஸ் சேஃப் வர வேண்டிய இடம் இதுதான். “வாஸ் பாண்டிச்செல்வி கேர்லெஸ்?” என்று என் வாய் கேட்டுவிட்டது, குரல் ஏறவேண்டிய இடத்தில் ஏறவும் செய்தது. தணிகாசலத்தின் பல் மறைந்தது. வெள்ளைக்காரருக்குப் பேர் புரியவில்லை. இரண்டு விரலை மடக்கிக் காட்டினேன், மூடியைத் திறந்து சுவிட்சைக் காட்டினேன், டேப், டேப் என்றேன். குனிந்து விரலால் தடவிப் பார்த்தார், பசை இன்னும் பிசுபிசுத்தது. நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மெதுவாகக் கேட்டார், “ஹூ?”

யார் என்கிறார். தணிகாசலத்தின் பக்கம் கையை நீட்டினால் போதும், பொய்யும் இல்லை, டேப் அவர் கொடுத்ததுதானே. ஆனால் அவரும் என்னைத்தான் பார்க்கிறார், அன்றைக்கு அதை ஒட்டினது யார் என்று அவருக்கும் தெரியாது, இத்தனை நாளில் கேட்கத் தோன்றவும் இல்லை. யாரும் கேட்கவில்லை. பத்து நாளாகக் கண்ணில் பட்டவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தேனே, நாகப்பன் மேல், கிரேசி மிஸ் மேல்கூட... ஒருத்தரும் பக்கத்தில் வந்து இதைக் கேட்டுவிடக் கூடாது என்றுதானா? கை பாதியில் நிற்கிறது, எந்தப் பக்கம் திரும்பும் என்று எனக்கே தெரியவில்லை. வெள்ளைக்காரர் காத்திருக்கிறார். பாண்டிச்செல்விக்குத்தான் கேட்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை, தெரிந்தேதான் பத்து நாளாக என் பாயில் என் பக்கத்தில் படுத்திருக்கிறாள்.