மாமனார் சொன்னதாகச் சொன்னது

ஹோகொன்யா காலையில் எழுந்ததும் கஞ்சி கேட்கமாட்டான். முதலில் கனவைச் சொல்வான். செத்துப்போன அப்பா தலைக்கு வைத்துப் படுத்த மரக்கட்டை அவனுக்கு வந்திருந்தது. அதில் தலைவைத்துத் தூங்கும் மூத்த மகனிடம் அப்பா வந்து பேசுவார். அவர் சொன்னதை வீடு கேட்டாக வேண்டும்.

அவன் மனைவி மார்வெய் மட்டும் அதைக் கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்பாள். காரணம் அவளுக்குத்தான் தெரியும். எட்டு மாதத்துக்கு முன் அவன் வெளியூர் போயிருந்தபோது, குடிசையைக் கூட்டுகையில் திரிகைக் கல் கை நழுவி அந்தக் கட்டைமேல் விழுந்தது. கட்டை நடுவில் பிளந்து இரண்டானது. பெண்கள் தொடவே கூடாத பொருள்! புல்லால் அளவெடுத்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு ஓடினாள். மரம் செதுக்கும் அண்ணன் அச்சு அசலாக ஒன்று செய்து, எண்ணெய் பூசிப் புகையில் கறுக்கவைத்துக் கொடுத்தான். உடைந்ததைக் குதிருக்குள் கேழ்வரகுக்கு அடியில் புதைத்தாள்.

அவன் திரும்பி வந்து புதுக் கட்டையில் தூங்கி எழுந்த காலை அவள் உயிர் அவளிடம் இல்லை. ஹோகொன்யா சோம்பல் முறித்துக்கொண்டே சொன்னான்.

"அப்பா வந்தாரு. மருமக காய்ச்சுற கேழ்வரகுக் கள்ளு மாதிரி ஊர்ல எங்கயும் இல்லையாம். உன்னைப் பாத்துக்கச் சொன்னாரு."

மார்வெய் குதிருக்குப் பின்னால் போய் அழுது தீர்த்தாள். பொய்க் கட்டை என்று தெரிந்தும் மாமா வந்திருக்கிறார், மன்னித்துவிட்டார் என்று நம்பினாள். அன்றிலிருந்து அவருக்கென்று தரையில் ஊற்றும் முதல் கள்ளில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்கவில்லை.

மழை முடிந்தபின் ஒரு காலையில் கனவு வேறு மாதிரி வந்தது.

"ரெண்டாவதா ஒருத்தியக் கட்டணுமாம். பொண்ணு வீட்டுக்குக் குடுக்க உன் பசுவ ஓட்டிட்டுப் போகச் சொல்றாரு."

"எந்தப் பசு?"

"ருவா கல்யாணத்துல உனக்கு வந்ததுதான்."

மார்வெய்யின் கை அகப்பையோடு நின்றது. அது மகள் ருவாவைப் பெற்றதற்காகத் தாய்க்கென்று மாப்பிள்ளை வீட்டார் முறைப்படி தந்த பசு. அதைக் காப்பது அவளுடைய தாய்வழிச் செத்தவர்கள். புருஷன் வீட்டு ஆவிக்கு அதில் ஒரு ரோமம்கூடச் சொந்தமில்லை. மாமனார் உயிரோடிருந்தபோது அவளைக் கேட்காமல் அதன் பாலைக்கூட வாயில் வைத்ததில்லை. செத்தபிறகா முறை மறந்துவிட்டார்?

"மாமா இதச் சொல்லவே மாட்டாரு," என்றாள்.

"அவரு சொன்னாரு. நான் கேட்டேன்."

"அந்தக் கட்டையிலயா?"

வாய் தவறி வந்துவிட்டது. ஹோகொன்யா சிரித்தான்.

"அது அப்பாவோடது இல்லைன்னு மொத நாளே தெரியும்டி. நான் சின்னப் பயலா இருக்கும்போது கொள்ளிய வச்சு அடியில சுட்ட தழும்பு இதுல எங்க? நாளைக்குச் சொந்தமெல்லாம் வருது. தைரியம் இருந்தா இது பொய்க் கட்டைன்னு சொல்லு. அப்பன் கட்டையப் பொளந்தவ யாருன்னும் சேத்தே சொல்லு."

எட்டு மாதமாக அவள் குற்றவுணர்ச்சியில் வெந்ததைப் பார்த்துக்கொண்டே அவன் சோறு தின்றிருக்கிறான். வேண்டும்போது எடுக்கலாம் என்று அவள் தப்பைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறான். இருபது வருஷம் இந்த மனிதனுக்கா மாவரைத்தோம் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் பங்காளிகள் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். நடுவில் அத்தை முகோனி, செத்துப்போனவரின் தங்கை. அவள் பேச்சுக்கு அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. மூக்குப்பொடியை உறிஞ்சிக்கொண்டு அண்ணன் மகனின் கனவை முழுதாகக் கேட்டாள்.

"அண்ணனா அந்தப் பசுவக் கேட்டாரு?"

"அவரேதான், அத்தை."

மார்வெய் குதிரிலிருந்து எடுத்து வந்த இரண்டு துண்டுகளையும் அத்தை முன்னால் வைத்தாள். மண்டியிட்டு, பெரியவர்களுக்குச் செய்யும் மரியாதையாகக் கை குவித்து மெல்லத் தட்டினாள்.

"தப்பு பண்ணிட்டேன், அத்தை. கல்லு நழுவிடுச்சு. மாமா எட்டு மாசமா கேழ்வரகுக்கு அடியில கெடக்குறாரு. இவரு படுக்குறது எங்கண்ணன் செதுக்குனது."

அத்தை துண்டைத் திருப்பி, அடியிலிருந்த தழும்பைக் கட்டைவிரலால் தடவினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ஏண்டா, இது உனக்குத் தெரியுமா?"

ஹோகொன்யா வாயைத் திறந்து மூடினான். தெரியும் என்றால் ஊரை ஏமாற்றியவன். தெரியாது என்றால் மனைவியின் அண்ணன் செதுக்கிய மரத்திலா அப்பா வந்தார்?

"பேச மாட்டான்," என்றாள் அத்தை. "மருமகளே, பரிகாரமா ஏழு பானை கள்ளு காய்ச்சு. அண்ணங்கிட்ட நானே உனக்காக மன்னிப்புக் கேக்கறேன். பசு உன்னுது. எவன் அது கயித்தத் தொடறான்னு பாக்கறேன்."

பசு தப்பியது. பங்காளிகள் கைதட்டி ஒப்புக்கொண்டு எழுந்தார்கள். மார்வெய் மட்டும் எழவில்லை. புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொத நாளு மாமா என் கள்ளு நல்லாருக்குன்னாரே. என்னைப் பாத்துக்கச் சொன்னாரே. அதுவாவது நெசமா?"

ஹோகொன்யா கால் பெருவிரலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான்.