வாயிற்காவலனின் நான்கு வரிகள்

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கே வேதாந்தம் கீழே போய் வீட்டுக்கு வரும் இங்கிலீஷ் பேப்பரில் இன்னும் நாலு பிரதி வாங்கி வந்துவிட்டார். இளைஞர் இணைப்பின் மூன்றாம் பக்கத்தில் அவர் மகள் ஸ்நேஹாவின் கட்டுரை வந்திருந்தது.

"எங்காத்துப் பொண்ணு எழுதினது. பாட்டு விமர்சனம். எனக்குப் பாட்டு புரியாது, இங்கிலீஷ் பிரமாதம்" என்று எதிர் ஃபிளாட்டில் ஒரு பிரதியை நீட்டி அவர் சொல்வது உள்ளே கேட்டது. ஸ்நேஹா குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, சும்மா நின்றாள். கட்டுரையில் எல்லோரும் பாராட்டப்போகும் இரண்டு பத்திகள் அவளுடையவை அல்ல. அன்புச்செல்வி சொன்னவை.

இருவரும் கச்சேரி ரோட்டில் ஒரே டைப் கிளாஸ், மாலை ஐந்து மணி பேட்ச். அன்புச்செல்வி வீடு அடையாற்றங்கரைக் குடிசைகளில் ஒன்று. பிளஸ் டூ வரை தமிழில் படித்தவள். கிளாஸ் முடிந்ததும் நாகேஸ்வர ராவ் பார்க்கில் அரை மணி உட்கார்வார்கள். ஸ்நேஹாவின் வாக்மேனிலிருந்து ஆளுக்கொரு காதில் ஒரு இயர்போன்.

கட்டுரையில் வந்த ஆல்பத்தை ஜெர்மனியில் படிக்கும் அண்ணன் சாய்சரண் அனுப்பியிருந்தான். பவர் மெட்டல் என்கிற ராக் வகை. குதிரைப் பாய்ச்சலில் டிரம்ஸ், அதன்மேல் கிட்டார், அதற்கும் மேல் உச்சத்தில் நின்று பாடும் குரல்கள். பதின்மூன்று பாட்டும் சேர்ந்து ஒரே கதை. கதையை எழுதிய கிட்டார்காரர் வெவ்வேறு குழுக்களிலிருந்து ஒன்பது பாடகர்களை வரவழைத்து ஆளுக்கொரு வேடம் கொடுத்திருந்தார். போருக்குத் தப்பி வரும் ஜனங்களுக்குக் கதவைச் சாத்திவிடும் ஒரு நகரம், அதன் ராணி, ராணியின் மகள், வாசல் காக்கும் ஒருவன். ஸ்நேஹா சிடியைக் கேசட்டில் பதிந்து எடுத்துவந்தாள். பாட்டு வரிகள் அச்சிட்ட சின்னப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவாள்.

வாயிற்காவலனுக்கு மொத்தமே நான்கு வரிகள். வெளியே யாராவது வந்தார்களா என்று ராணி கேட்கிறாள். யாரும் வரவில்லை, காற்றுதான் என்கிறான்.

"இவன் பொய் சொல்றான்டி" என்றாள் அன்புச்செல்வி.

"புஸ்தகத்துல அப்படி ஒண்ணும் போடலையே. உனக்கு எப்படித் தெரியும்?"

"மத்தவங்க அல்லாரும் கத்துறாங்க. இவன் மட்டும் மெதுவா பாடறான். ஒவ்வொரு வரிக்கும் மின்னாடி மூச்சு இழுக்கறான், கேளு. எங்க பழைய குடிசைய இடிக்கறதுக்கு மொத நாள் ஒரு ஆளு வந்து, 'ஒண்ணியும் ஆவாது, போய்த் தூங்குங்க'ன்னான். அவனும் இப்பிடித்தான் இழுத்தான்."

ஸ்நேஹா கேசட்டை மூன்று முறை பின்னால் ஓட்டிக் கேட்டாள். மூச்சு இருந்தது. கடைசிப் பாட்டில் கதவுக்கு வெளியே செத்தவர்கள் கூட்டமாகப் பாடுகிறார்கள். இத்தனை நாள் அது அவளுக்கு வெறும் கோரஸ்; காவலன் பார்த்தும் இல்லையென்ற ஜனங்கள்தான் அவர்கள் என்று இப்போதுதான் புரிந்தது.

ராணியும் மகளும் சேர்ந்து பாடும் பாட்டில் அன்புச்செல்வி இன்னொன்றும் சொன்னாள். "அம்மாக்காரியால இன்னும் மேல போவ முடியும். முந்தின பாட்டுல போனாளே? இங்க வேணும்னே எறங்கி நிக்கறா, பொண்ணோட கொரல் தெரியட்டும்னு."

இரண்டே நாளில் ஸ்நேஹா கட்டுரையை எழுதிவிட்டாள். முதலில் 'என் தோழி ஒருத்தி சொன்னாள்' என்றுதான் இருந்தது. அதை அடித்தாள். 'நான் கேட்டேன்' என்று எழுதினால் வாக்கியம் நன்றாக ஓடுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இங்கிலீஷ் பாட்டுப் புரியாத ஒரு பெண்ணை அந்தப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கக் கூச்சப்பட்டாள் என்பதுதான் நிஜம்.

கட்டுரை வந்த சனிக்கிழமை பத்து மணிக்கு இணைப்பின் ஆசிரியை கமர் ஜஹான் போன் செய்தார். "அந்த வாயிற்காவலன் வர்ற பத்தி ரொம்ப நல்லா வந்திருக்கு. மாசம் ஒண்ணு எழுதறீங்களா?"

"எழுதறேன், மேடம்." தோழியின் பேரைச் சொல்லாமலே ரிசீவரை வைத்தாள்.

திங்கட்கிழமை அன்புச்செல்வியே அந்தப் பக்கத்தை மடித்து எடுத்து வந்திருந்தாள். "இன்னாடி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல? உன் பேரு எவ்ளோ பெருசா கீது! படிச்சு தமிழ்ல சொல்லு."

பார்க் பெஞ்சில் உட்கார்ந்து ஸ்நேஹா வரிவரியாகச் சொன்னாள். அந்த இரண்டு பத்திகள் வந்தபோது கண்ணைக் கீழே நகர்த்தித் தாண்டிவிட்டாள்.

"வாச்மேனைப் பத்தி ஒண்ணும் எழுதலியா? அவன்தாண்டி இருக்கறதுலயே பெஸ்ட்டு."

ஸ்நேஹா விரலை மேலே நகர்த்தினாள். தாண்டிப்போன பத்தியைத் தமிழில் சொன்னாள். அடுத்ததையும்.

"நான் சொன்னதுதான?"

"ஆமா."

"எம்பேரு எங்க கீது?"

"இல்ல. நான் போடல. தப்புதான், அன்பு."

அன்புச்செல்வி பேப்பரை வாங்கி, எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "கேட்டிருந்தா இன்னும் சொல்லியிருப்பேனே. ஒரு கெழவன் பாடறான் பாரு, அவனைப் பத்திகூட ஒண்ணு வச்சிருந்தேன்."

"இப்போ சொல்லேன்."

"வாணாம். அத்தையும் எழுதிடுவ." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம் என்று ஸ்நேஹாவுக்குத் தோன்றியது.

மறுநாள் அவளே கமர் ஜஹானுக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னாள்.

"அவங்க பேரை ஸ்பெல்லிங்கோட சொல்லுங்க. சனிக்கிழமை ரெண்டு வரி போட்டுடறேன்" என்றார். "மாசா மாசம் எழுதறது... அதைப் பத்தி அப்புறம் பேசலாம்." அப்புறம் அவர் பேசவே இல்லை.

"யாரும் கேக்காதபோது நீயா ஏன்டிம்மா போய்ச் சொன்னே?" என்றார் வேதாந்தம். இரண்டு வரி வந்த பேப்பரை அவர் யாருக்கும் காட்டவில்லை.

அதற்குள் அன்புச்செல்வி காலை பேட்சுக்கு மாறிவிட்டாள். வேலை கிடைத்திருப்பதால் என்றார் கிளாஸ் மாஸ்டர். இருக்கலாம். இரண்டு மாதம் கழித்து, டைப்ரைட்டிங் லோயர் பரீட்சையன்று வெளி வராந்தாவில்தான் பார்த்துக்கொண்டார்கள்.

"பேரு பாத்தேன். எங்கம்மா வெட்டி சாமி படத்தாண்ட ஒட்டி வச்சுக்கீது" என்றாள் அன்புச்செல்வி.

"இன்னும் கோவமா?"

"அதெல்லாம் இல்லடி."

"ஞாயித்துக்கிழமை பார்க்குக்கு வரியா? புதுசா ஒரு கேசட் வந்திருக்கு."

"பாக்கலாம். வேலை இருக்கும்." அவள் ஹால் டிக்கெட்டைப் பார்த்துத் தன் இடத்தைத் தேடிக்கொண்டு உள்ளே போனாள். ஞாயிற்றுக்கிழமை ஸ்நேஹா ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரை பார்க்கில் தனியாக உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.