கூட யாரும் இருந்தார்களா?

நாற்பது நாடுகளில் பெண்களுக்கு எவ்வளவு உரிமை இருக்கிறது என்று மதிப்பெண் போடப்போகிறார்களாம். அந்தப் பெரிய வேலையில் பண்டார் தெங்காரா என்ற ஊர் என் பங்கு. கையில் ஒரு டேப்லெட், கழுத்தில் 'நுஸ்ரத்' என்று பெயர் போட்ட அட்டை, தினம் ஆறு வீடு. கேள்வி கேட்கும்போது அந்தப் பெண் தனியாக இருக்க வேண்டும் என்பது விதி. விதி எழுதிய புண்ணியவான் இந்த வீடுகளைப் பார்த்ததில்லை. ஒரு ஹால், இரண்டு அறை, ஒரு கணவன்.

அன்று கஸ்தூரியிடம் கேட்க உட்கார்ந்தபோது, அவள் கணவன் ரூபேந்திரன் அறைக்குள் செம்பனை எண்ணெய் மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். கதவு திறந்தே இருந்தது.

"கிளினிக் போகணும்னா யார்கிட்ட கேட்பீங்க?"

"யார்கிட்டயும் கேட்க வேணாம்க்கா. நானே போயிருவேன்."

சொந்த போன் இருக்கிறது. வேலைக்குப் போகத் தடையில்லை. அடி ஒருநாளும் இல்லை. பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது, அவள் மேல்தான். இப்படிப் பொய் சொல்வதென்றால் நான் எதற்கு வெயிலில் அலைகிறேன்?

அவனுடைய மோட்டார் சைக்கிள் சத்தம் தெருமுனையைத் தாண்டியதும் அவள் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, முதல்ல இருந்து கேளுங்க."

கேட்டேன். கிளினிக்குக்கு அவன் கூட்டிப்போனால்தான் உண்டு. போன் அவன் பையில். பள்ளி கேண்டீன் வேலையை மூன்றாம் நாளே நிறுத்திவிட்டான். கடைசிக் கேள்விக்கு வாயால் பதில் சொல்லாமல் சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினாள். பழைய காயம், புதுக் காயம் இரண்டும் இருந்தன. நான் ஒவ்வொன்றாகத் திருத்தினேன். உதவி எண் அட்டையை நீட்டியபோது, "எங்கக்கா ஒளிச்சு வைப்பேன்?" என்று திருப்பித் தந்துவிட்டாள்.

"இதெல்லாம் எங்க போகும்?"

"பெரிய இடத்துக்கு. உங்க பேர் வராது. ஆனா கணக்குல வருவீங்க."

"அது போதும்க்கா. யாருக்காச்சும் தெரிஞ்சா போதும்."

மோட்டார் சைக்கிள் திரும்பி வந்தது. மில் அடையாள அட்டையை மறந்துவிட்டானாம். அவன் கேட்டைத் திறந்து செருப்பைக் கழற்றுவதற்குள் எல்லாப் பதிலையும் பழையபடி மாற்றினேன்.

"இன்னும் முடியலயா மேடம்? என்ன எழுதினீங்க, காட்டுங்க."

முடியாது என்றால் பிறகு அடி வாங்கப்போவது அவள். காட்டினேன். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தான்.

"சரியாத்தான் சொல்லியிருக்கா. நம்ம வீட்ல எல்லாம் ஃப்ரீதான் லா" என்று சிரித்தான். "சைன் போடு கஸ்தூரி. மேடத்துக்கு நேரமாகுது."

போட்டாள். கையெழுத்து விழுந்ததும் பதில்கள் பூட்டிக்கொள்ளும். அப்புறம் என்னாலும் மாற்ற முடியாது.

வெளியே காரில் உட்கார்ந்தேன். நானே பதில் போட வேண்டிய ஒரு கேள்வி மீதி இருந்தது: 'கூட யாரும் இருந்தார்களா?' ஜொகூர் பாரு ஆபீசில் இருக்கும் என் மேலாளர் கமலநாதனுக்குப் போன் போட்டேன்.

"ஆமான்னு போட்டா அந்த வீட்டையே லிஸ்ட்ல இருந்து எடுத்துடுவாங்க நுஸ்ரத். பக்கத்து வீட்டைச் செய்ங்க."

"அப்போ இந்த மாதிரி வீடு எதுவுமே கணக்குல வராதா சார்?"

"அலமாக், ஒரு வீடுதானே!" என்று அலுத்துக்கொண்டார்.

இல்லை என்று போட்டால், சகல உரிமையோடும் வாழும் ஒருத்தி நாற்பது நாட்டுக் கணக்கில் ஏறுவாள். ஆம் என்று போட்டால் கஸ்தூரி என்று ஒருத்தி இந்தத் தெருவிலேயே இல்லை. அவள் பெயரால் பொய்யையாவது அனுப்ப வேண்டாம் என்று 'ஆம்' அழுத்தினேன். பட்டியலிலிருந்து வீடு மறைந்தது. என்னை நினைத்தே எனக்கு வெட்கமாக இருந்தது.

ரூபேந்திரன் மறுபடி கிளம்பிப் போனான். கஸ்தூரி கேட் வரை ஓடி வந்தாள்.

"அக்கா, அவருக்குக் காட்டுனது சும்மாதானே? நான் சொன்னது உள்ள இருக்குல்ல?"

"இருக்கு" என்றேன்.

அன்று முதல்முறையாக அவள் சிரித்தாள்.