மந்தப் பூதங்கள்

மார்க்கம் நகரில் கேம் செய்யும் சின்னக் கம்பனி ஒன்றை நடத்தியவர் றொனால்ட். இக்னேசியசுக்குக் கனடாவில் முதல் வேலை கொடுத்தவர் என்பதால் அவனுக்கு அவர் அண்ணை. அண்ணை கேட்டால் இல்லை என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழும்பாது. எல்லாச் சனியனும் அங்கேதான் தொடங்கியது.

ஒரு காலத்தில் கடைகளில் காசு போட்டு விளையாடிய பழைய கேம் ஒன்று. சந்துபொந்துகளில் நான்கு பூதங்கள் துரத்தும். அதைக் கையடக்க மெஷினுக்குள் கொண்டுவர இக்னேசியஸ் எட்டு மாதம் மாரடித்தான். திரை தீப்பெட்டியளவு. நிறம் கிடையாது, நான்கு பூதமும் ஒரே சாம்பல். ஆனாலும் நடையை வைத்தே எது எதென்று தெரியும். ஒன்று விடாமல் துரத்தும், ஒன்று முன்னால் போய் மறிக்கும். பதிலுக்கு அவன் கேட்டது ஒன்றுதான்: முழுவதும் வென்றவனுக்கு வரும் கடைசித் திரையில் தன் பெயர்.

கேமை வாங்கும் கம்பனிக்காரர் பார்க்க வருவதற்கு முதல்நாள் அண்ணை மூன்று தரம் விளையாடி, மூன்று தரமும் ஒரு நிமிடத்தில் செத்தார்.

“வெள்ளைக்காரருக்கு முன்னாலை நான் மானங்கெடோணுமே? நாளைக்கு மட்டும் உந்தப் பூதங்களைக் கொஞ்சம் மந்தமாக்கிவிடடா.”

“ஓம் அண்ணை.”

மறுநாள் பூதங்கள் வெறிகாரரைப்போலச் சுவரில் முட்டித் திரிந்தன. அண்ணை வென்றார். வந்தவர்கள் கைதட்டி, இதுவே வேண்டுமென்று கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் போனதும் இக்னேசியஸ் அண்ணையைப் பிடித்தான்.

“அண்ணை, மற்றதை அனுப்புவம். இது குப்பை.”

“அவங்கள் கேட்டது இதைத்தானேடா.”

“அப்ப என்ரை பேரையாவது எடுங்கோ.”

“வெக்கப்படாதை,” என்று அண்ணை முதுகில் தட்டினார். அந்தக் கையை உதற வேண்டும்போல இருந்தது. அதைவிட, பல்லை இளித்துக்கொண்டு நின்ற தன் முகத்திலேயே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. கேம் சிப்பில் பதியத் தொழிற்சாலைக்குப் போனபின் அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது.

கேம் வெளிவந்த சனிக்கிழமை அஜின்கோர்ட்டில், அண்ணை வீட்டில் விருந்து. அண்ணையின் மனைவி பேர்ணடெற் அன்ரி, பிறந்ததிலிருந்து கேம் எதையும் தொடாதவர், மெஷினை வாங்கிச் சோபாவில் உட்கார்ந்தார். இக்னேசியஸ் ஒரு பற்றிஸ் தின்று முடிக்கவில்லை.

“இஞ்ச பாருங்கோ,” அன்ரி மெஷினைத் தூக்கிச் சபை முழுவதற்கும் காட்டினார், “எங்கடை இக்னேசியஸின்ரை பேர் வருது!”