துண்டுக்கடியில் துரையின் இரத்தம்

வெள்ளியம்பாளையம் கால்நடை ஆஸ்பத்திரியில் இருக்கும் இரத்தப் பரிசோதனைப் பெட்டிக்கு ஒரு கை உண்டு. நாயின் இரத்தத்தை ஒரு சொட்டு விட்டால், கொஞ்ச நேரம் முனகிவிட்டு அந்தக் கையை நீட்டும். நாய்க்காரர் அதன்மேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசி முடிக்க வேண்டும். மாட்டுச் சந்தையில் விலை பேசுகிற அதே முறைதான். எந்த எண்ணுக்குப் படிகிறதோ அதுதான் நாய்க்கு.

மாட்டுத் தரகர் சென்னியப்பன் தன் நாய் துரையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கிடாவெட்டு விருந்தில் இலைக்கு இலை கொழுப்பாகப் பார்த்துத் தின்றிருந்தது துரை. மறுநாளிலிருந்து வாந்தி. முன்னங்காலைத் தரையில் நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி, யாரையோ கும்பிடுகிற மாதிரியே கிடந்தது. சென்னியப்பன் கத்தும்போது வாலாட்டுகிற ஜீவன் இந்த உலகத்தில் அது ஒன்றுதான்.

“கணையம் வீங்கியிருக்கும்னு நெனைக்கறனுங்ணா,” என்றார் டாக்டர் தமயந்தி. “இருநூறுக்குள்ள வந்தா பயமில்லீங்க. நானூறத் தாண்டுனா அந்த நோவுதான். பேசிப் பாருங்க.”

“பேச்சா? அத நம்மகிட்ட உடுங்க அம்மணி.”

பெட்டி நாலு விரலைப் பிடித்து, ஐந்தாவதைப் பாதி மடக்கியது. நானூற்றைம்பது.

சென்னியப்பன் காலமெல்லாம் விற்கிறவன் பக்கம் நின்று பேசுகிற தரகர். உதைபட்டுக் கற்ற தொழில். துண்டுக்குள் கை போய்விட்டால் விரல் தானாக மேலே ஏறும். “யாரு நாய்னு நெனச்சே? நெஞ்சகலத்தப் பாரு. நாலரைக்குக் குடுத்துட்டுப் போறதுக்கு நானென்ன நேத்துப் பொறந்தவனா?” என்று பெட்டியை ஒரு பிடி பிடித்தார். அது ஆறு என்றது. ஏழரை என்றது. கடைசியில் களைத்துப்போய் ஒன்பதுக்குக் கை கொடுத்தது.

துண்டை உதறித் தோளில் போட்டார். “தொள்ளாயிரம். எழுதுங்க.”

மேசைமேல் துரை உடம்பைச் சுருட்டிக்கொண்டு அனத்தியது.

“ஏத்திப் போட்டீங்களேங்ணா,” என்றார் டாக்டர். “இதுக்குப் பொழுது சாயற வரைக்கும்கூடத் தாங்காதுங்க.”

சென்னியப்பன் முதலில் பெட்டியை வைதார். அப்புறம் தன் விரல்களை ஒவ்வொன்றாக வைதார். துரைக்கு அப்போதும் வால் நுனி அசைந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு வசவு வற்றிவிட்டது.

கை கொடுத்த பேச்சைப் பிரிக்க முடியாது. சந்தையில் அது செருப்படிக்குச் சமம். ஆனால் விற்றவனே திரும்ப வாங்க வரக்கூடாது என்று எந்தச் சந்தையிலும் சட்டமில்லை. துண்டை இடது தோளுக்கு மாற்றினார். மேசையைச் சுற்றி அந்தப் பக்கம் போய் நின்றார்.

“இப்ப நான் வாங்கறவன் ஆளு. அந்த நோவக் காட்டு.”

பெட்டி கையை நீட்டியது. ஒன்பது.

“ஒம்பதா? மொதல்ல பல்லக் காட்டு. இன்னும் பல்லே போடாத கன்னு, இது எப்பக் கறவைக்கு வர்றது? கொம்பு ஒண்ணு வானத்தப் பாக்குது, ஒண்ணு பூமியப் பாக்குது. நெத்தியில ஊட்டுக்கு ஆகாத பாடைச்சுழி. இத ஓட்டிட்டுப் போனா என்ற சம்சாரம் என்னைய ஊட்டுக்குள்ள உடுவாளா?”

பெட்டி ஏழுக்கு வந்தது. நடையில் நொண்டல் இருப்பதாகச் சொன்னார், ஐந்துக்கு வந்தது. வாலில் முடி இல்லை என்றார். மூன்றுக்கு வந்து, அங்கேயே சண்டிமாடு மாதிரி படுத்துக்கொண்டது.

இதற்கு ஒரே வழிதான் உண்டு. துண்டை உருவிக்கொண்டு நடையைக் கட்டினார். துரையை மேசைமேலேயே விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது. தூக்கினால் அவருடைய ஆசை பெட்டிக்குத் தெரிந்துவிடும். முதுகுக்குப் பின்னால் அனத்தல் கேட்டது. திரும்பவில்லை. ஆயிரம் மாட்டை விட்டுவிட்டு நடந்த கால்தான், வாசற்படியில் செருப்பைத் துழாவியது.

பெட்டி பீப் என்றது.

சென்னியப்பன் செருப்பில் ஒரு காலை நுழைத்தார். பெட்டி இரண்டாம் முறையும் பீப் என்றது. அதற்குப் பிறகுதான் மெதுவாகத் திரும்பி வந்தார். நூற்றைம்பதுக்குப் படிந்தது.

துரை எழுந்து உட்கார்ந்து, டாக்டரின் முழங்கையை நக்கியது.

“இனிமே கொழுப்புக் கண்ணுலயே காட்டக் கூடாதுங்ணா. குழைஞ்ச சோறும் தோலுரிச்ச கோழியும் மட்டும் போடுங்க.”

வாங்கியதை விட்டுவிட்டுப் போகிற வழக்கம் சென்னியப்பனுக்கு இல்லை. நோவு மேசையிலிருந்து இறங்கி நின்றது. சாம்பல் நிறம், கன்றுக்குட்டி உயரம். விற்கிறவன் பழைய கயிற்றைத் தருவதில்லை என்பது முறை; பெட்டியும் தரவில்லை. துரையின் சங்கிலியைக் கழற்றி நோவின் கழுத்தில் மாட்டினார். துரை முன்னால் ஓட, மூவரும் நடந்தே வீடு சேர்ந்தார்கள்.

காலையில் அவர் சம்சாரம் பாப்பாத்தி பால் குண்டாவைக் காட்டினாள். “ஏனுங்க, நேத்து ஓட்டியாந்தது பல்லுப் போடலீன்னீங்க. கறந்தா ரெண்டு படிக்குக் கொறையல. ஆடை எப்படிக் கட்டியிருக்குது பாருங்க.”

சென்னியப்பன் இன்னொரு டம்ளர் காப்பி கேட்டார். துரைக்கு மட்டும் ஊற்றவில்லை.