பெரியவள் விட்டுப்போன கார்

பெரியவளுக்கு ஐம்பத்தெட்டு வயதில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை பஸ் டிப்போவில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். கல்யாணமான கையோடு அவள் அவருடைய ஊருக்குப் போய்விட்டாள். தங்கை மட்டும் அந்த இரண்டு அறை வீட்டில் மிஞ்சினாள். அவளுக்கும் வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, ஆனாலும் எல்லோருக்கும் அவள் சின்னவள்தான். செயற்கைப் பல் செய்யும் லேபில் வேலை. வாயைத் திறந்து பேசாத பற்களோடு நாள் முழுக்க இருந்துவிட்டு வந்தால், வீட்டிலும் பேச ஆளில்லை.

அக்கா போகும்போது காரை இவளிடம் விட்டுப் போயிருந்தாள். இருவரும் சேர்ந்து வாங்கிய பழைய வண்டி. ஓட்டுவது எப்போதும் பெரியவள். சின்னவளுக்கு லைசென்ஸ் இருந்தது, ஆனால் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து வருவதோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. முந்தின நாள் காலையில் வண்டியைக் கொஞ்சம் ஓட்டிப் பார்க்கலாம் என்று கீழே பார்க்கிங்குக்கு இறங்கிப் போய்ச் சாவியைத் திருப்பினாள். டக் என்று ஒரு சத்தம். இன்ஜின் அசையவில்லை.

மெக்கானிக்குக்குப் போன் போட்டாள்.

"இன்னிக்குக் கடையில ஆளில்லம்மா. வண்டியக் கொண்டுவந்து விட்டுட்டுப் போங்க, பார்க்கிறேன்."

"அது நகரலேன்னுதானே உங்களக் கூப்பிடறேன்!"

"அப்ப திங்கட்கிழமை பார்ப்போம்."

அடுத்து அக்காவை அழைத்தாள். எடுத்தது அக்கா புருஷன்.

"அவ குளிக்கிறா. என்னம்மா விஷயம்?"

அவரைச் சின்னவள் இதுவரை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. கல்யாணத்தன்றுகூட 'வாங்க', 'உட்காருங்க' என்றே ஒப்பேற்றியிருந்தாள். இப்போதும் அப்படியே விஷயத்தைச் சொன்னாள்.

"ஹாரன் அடிக்குதா?"

"நல்லா அடிக்குது. பேட்டரியும் புதுசுதான்."

"அப்ப பேட்டரியிலேர்ந்து ஸ்டார்ட்டர் மோட்டாருக்குத் தடியா ஒரு சிவப்பு கேபிள் போகும் பாரு. அத அங்கங்க அழுத்திப் பாரு."

பேட்டரி முனையைக் கவ்வியிருந்த கிளிப்புக்குக் கொஞ்சம் தள்ளி அழுத்தியபோது உள்ளே நறநறவென்றது. உறையில் இருந்த கீறலில் பச்சைப் பொடி தெரிந்தது.

"செம்பு அரிச்சுப் போச்சு. கேபிள மாத்திட்டா ஓடும். நீயே செய்யலாம். முதல்ல பேட்டரியோட நெகட்டிவ் வயரக் கழட்டிடு. திரும்ப மாட்டறப்ப அத எல்லாத்துக்கும் கடைசியா மாட்டு. இல்லேன்னா ஸ்பேனர் எங்கயாவது பட்டுத் தீப்பொறி பறக்கும்."

"சரிங்க அத்தான்."

சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள். அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. பின்னால் அக்காவின் குரல் கேட்டது. "யாரு, அவளா? அப்புறம் பேசறேன்னு சொல்லுங்க, தலை ஈரமா இருக்கு."

அக்காவின் டூல் பாக்ஸைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு சின்னவள் வேலையில் இறங்கினாள். நெகட்டிவ் சுலபமாகக் கழன்றது, பாசிட்டிவ்வும் அப்படியே. ஸ்டார்ட்டர் பக்கத்து நட்டுதான் அடம்பிடித்தது. ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றினால்தான் அது கண்ணிலேயே பட்டது. டார்ச்சைப் பிடிக்க ஆள் வேண்டுமே, பல்லில் கடித்துக்கொண்டாள். ஊருக்கெல்லாம் பல் கட்டுகிறவளுக்கு அன்றைக்குச் சொந்தப் பல் கைகொடுத்தது. துரு இளக்கும் எண்ணெய் விட்டு, மூச்சைப் பிடித்து இழுத்தாள். நட்டு சட்டென்று விட்டுக்கொடுக்க, விரல் முட்டி எதிலோ மோதித் தோல் உரிந்தது.

டார்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டு, "அந்தத் துணிய எடு" என்றாள்.

யாரும் எடுக்கவில்லை. திரும்பிப் பார்த்தாள். தூணும், பக்கத்து வீட்டுக்காரர்களின் வண்டிகளும்தான் இருந்தன. தானே எழுந்து போய்த் துணியை எடுத்துக் கையைச் சுற்றிக்கொண்டாள்.

பழைய கேபிளைப் பையில் போட்டுக்கொண்டு உதிரிபாகக் கடைக்குப் போனாள். கடைக்காரர் நீளமும் தடிமனும் பார்த்துப் புதியதை எடுத்தார்.

"யாரு மாட்டப் போறாங்க?"

"நான்தான்."

"வீட்டுல வேற யாரும் இல்லையா?"

"இல்ல" என்றாள். அதை வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் தடவை. கடைக்காரர் கேபிளைச் சுருட்டிக் கொடுத்தார்.

மத்தியானத்துக்கெல்லாம் வேலை முடிந்தது. சூடாகும் பைப்பில் படாமல் கேபிளைப் பழைய வழியிலேயே கொண்டுபோய், இரண்டு முனையையும் முறுக்கி, ஏர் ஃபில்டர் டப்பாவைத் திரும்பப் பொருத்தி, நெகட்டிவ்வைக் கடைசியாக மாட்டினாள். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டது. கையைக்கூடக் கழுவாமல் அக்காவுக்குப் போன் போட்டாள்.

"ஓடுதுக்கா! நானே மாத்திட்டேன்."

"அடி சக்கை! நல்லதாப் போச்சு. ஓடுற வண்டின்னா எடுத்துக்க ஆள் இருக்குன்னு அவர் சொல்லிட்டிருந்தார். வித்துடலாம். நீதான் பஸ்லயே வேலைக்குப் போயிடறே, உனக்கு எதுக்குடி அது?"

சின்னவள் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தாள். "நாளைக்கு வர்றேனேக்கா" என்றாள்.

"ஐயோ, உன்கிட்ட சொல்லவே மறந்துட்டேன். நாளைக்கு அவரோட பொண்ணு குழந்தைகளக் கூட்டிட்டு வர்றா. வீடு கொள்ளாது. இன்னொரு நாள் வாயேன்."

"சரி."

"கோபமா?"

"இல்லக்கா. வண்டிய விக்க வேண்டாம். நான் ஓட்டறேன்."

"நீயா!" அக்கா சிரித்தாள். சின்னவள் சேர்ந்து சிரிக்காததை உணர்ந்து, "சரி, பாத்து ஓட்டு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்தாள்.

சின்னவள் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். அக்கா நெட்டை, சீட்டை நன்றாக முன்னால் இழுத்துப் போட்டால்தான் இவளுக்குக் கால் எட்டியது. ரிவர்ஸ் எடுக்கையில் இரண்டு முறை வண்டி நின்றுபோனது. தெருவைக் கடந்து பெரிய சாலையில் ஏறி, ஊர் எல்லைவரை இடது ஓரமாகவே ஓட்டினாள். அக்கா ஊருக்குப் பாதை பிரியும் இடத்தில் ஓரங்கட்டி, கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். லாரிகள் அந்தப் பக்கம் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன.

பிறகு வண்டியைத் திருப்பி, வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.